தேவகோட்டையில் இருந்துகொண்டு பழைய பாய்மரப் படகு வாங்கலாமா?

மலேசியாவின் லங்காவித் தீவில் விற்பனைக்கு வந்துள்ள, 1980களில் கட்டப்பட்ட 34 அடி ஃபைபர் பாய்மரப் படகை வாங்கித் தொண்டிக்குக் கொண்டுவந்து, மனைவி மக்களுடன் விடுமுறைகளில் கடலில் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சோதித்துப் பார்த்து வாங்கலாம். ஆனால் தொண்டிக்குக் கொண்டுவர வேண்டாம் என்பது என் கருத்து. நான் காரைக்குடியில் உலோக அரிமான ஆய்வில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பினாங்கில் இருக்கும் மகளும் மாப்பிள்ளையும் இதே வயதுடைய படகு ஒன்றை வாங்கியபோது உடனிருந்து ஆராய்ந்தவன் என்ற அளவில் சொல்கிறேன்.

படகின் வயதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தனியாளாக உலகைச் சுற்றிவரும் கோல்டன் குளோப் பந்தயத்தில் 1988க்கு முன் வடிவமைக்கப்பட்ட, 32 முதல் 36 அடி வரையுள்ள படகுகளைத்தான் அனுமதிக்கிறார்கள். நம் நாட்டின் அபிலாஷ் டோமி ரஸ்ட்லர் 36 என்னும் அத்தகைய படகில் 2023இல் இரண்டாம் இடம் பெற்றார். ஃபைபர் உடல் நெடுங்காலம் உழைக்கும். அதில் திருகியும் முடுக்கியும் பொருத்தப்பட்டவைதாம் முதலில் கெடுகின்றன.

நம் ஊர்க்காரர்கள் ஏமாறக்கூடிய இடம் மேல்தளத்தில் பதித்த தேக்குப் பலகை. பர்மாத் தேக்குத் தூண்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது பெருமையாகத் தோன்றும். எனக்கும் கை அதைத்தான் தடவிப் பார்த்தது. ஆனால் அக்காலப் படகுகள் பலவற்றின் மேல்தளம், இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரத்தையோ ஒட்டுப்பலகையையோ வைத்துச் செய்யப்பட்டது. தேக்குச் சட்டங்களை அதன்மேல் நூற்றுக்கணக்கான திருகாணிகளால் இறுக்கியிருப்பார்கள். மேலே உள்ள அடைப்பு தளர்ந்ததும் ஒவ்வொரு திருகாணித் துளை வழியாகவும் தண்ணீர் இறங்கி நடுமரத்தை உளுத்துப்போகச் செய்யும். தேக்கோ அப்போதும் அழகாகவே இருக்கும். பிளாஸ்டிக் சுத்தியலால் அடிக்கு அடி தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற ஒலி மந்தமாக மாறும் இடத்தில் உள்ளே ஈரம் ஏறியிருக்க வாய்ப்புண்டு. தேக்கே இல்லாத, வெறும் சாயம் பூசிய மேல்தளம் கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுப்பேன்.

அடுத்து உலோகங்கள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் படகின் உடலோடு சேருமிடத்தில் எவர்சில்வர் பட்டைகள் இருக்கும். எவர்சில்வரைத் துருவிலிருந்து காப்பது அதன் மேற்பரப்பில் ஆக்சிஜனால் உருவாகும் மெல்லிய படலம். அந்தப் பட்டை மேல்தளத்தை ஊடுருவிச் செல்லும் இடுக்கில் உப்புநீர் தேங்கி, காற்றுப் புகாமல் போகும்போது, படலம் சிதைந்து உலோகம் உள்ளுக்குள் குழிந்து அரிக்கப்படும். வெளியே தெரியும் பகுதி முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் என்பதால், ஒரு பட்டையையாவது கழற்றிக் காட்டும்படி விற்பவரிடம் கேளுங்கள். மறுத்தால் அத்தனையையும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். கம்பிகளைப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகளுக்குள் மாற்றிவிடுவது வழக்கம். வெப்பக் கடலில் பத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கடைசியாக மாற்றியதற்கான ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள்.

நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள வால்வுகள் வெண்கலமா பித்தளையா என்றும் பாருங்கள். கடல்நீரில் பித்தளையின் துத்தநாகம் கரைந்துபோய், உருவம் மாறாமலேயே உள்ளே செம்பு மட்டும் பஞ்சாக எஞ்சும். சுரண்டினால் இளஞ்சிவப்பு நிறம் தெரியும். அப்படிப்பட்ட ஒரு வால்வு உடைந்தால் படகு மூழ்கும். அரிமானத்தைத் தான் ஏற்றுக்கொள்வதற்காகப் பொருத்தும் துத்தநாகக் கட்டிகள் முற்றிலும் கரைந்திருந்தால் அதன்பிறகு வேறு எது அரிக்கப்பட்டது என்று தேட வேண்டும். நெடுநாளாகியும் புதிதுபோலவே இருந்தால் மின்னிணைப்பு அறுந்திருக்கிறது என்று பொருள்.

கீல் எனப்படும் அடிப்பாரம் உடலோடு சேரும் கோட்டில் விரிசலோ துருக்கசிவோ இருந்தால், படகு தரைதட்டிய வரலாற்றைக் கேட்டறியுங்கள். 2014இல் சீக்கி ரஃபிக்கி என்ற படகு அட்லாண்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்து நால்வர் உயிரிழந்தனர். உடலின் அடியில் தோன்றும் சிறு கொப்புளங்கள் அந்த அளவுக்கு ஆபத்தானவை அல்ல. விலையைக் குறைக்கப் பயன்படும். டீசல் இயந்திரத்தை நீங்கள் போவதற்கு முன் ஓட்டிச் சூடாக்கி வைக்க விடாதீர்கள். குளிர்ந்த நிலையில் உங்கள் கண்முன் கிளம்ப வேண்டும்.

இத்தனையையும் நீங்களே பார்த்தாலும், படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயர் தேவை. அவரை நீங்கள் நியமிக்க வேண்டும். தரகர் சொல்லும் ஆள் வேண்டாம். படகைக் கரையேற்றிப் பார்ப்பதும் கடலில் ஓட்டிப் பார்ப்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பராமரிப்புக்கு ஆண்டுதோறும் விலையில் பத்தில் ஒரு பங்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். மலிவாக வாங்கிய பழைய படகுக்கு இது போதாது. நம் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டை அடிவிலைக்கு வாங்கியவருக்கும் ஓடு மாற்றும் கூலி முழுதாகத்தானே ஆகிறது?

தொண்டியைப் பொறுத்தவரை, திருவாடானை வழியாகக் காலையில் கிளம்பிப் போய்விடலாம் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் பாக் நீரிணைப் பகுதி ஆழம் குறைந்தது. 34 அடிப் படகின் கீல் பெரும்பாலும் ஒன்றரை மீட்டருக்கும் மேல் கீழே இறங்கும். படகைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் வசதியோ காவலோடு கட்டிவைக்கும் மரினா என்னும் படகுத்துறையோ அங்கில்லை. வலைகள் நிறைந்த அக்கடலில் 1974 ஒப்பந்தப்படி வகுத்த இலங்கை எல்லைக் கோடும் ஓடுகிறது. குழந்தைகளை வைத்துக்கொண்டு அதன் அருகில் திரிவது உசிதமல்ல. வடகிழக்குப் பருவக்காற்று வேறு அக்கரையை நேராகத் தாக்கும். இந்தியாவில்தான் வைக்க வேண்டுமென்றால் கொச்சியில் போல்காட்டித் தீவில் உள்ள மரினாவைப் பாருங்கள். ஆனால் அதற்குமுன் சுங்கவரி எவ்வளவு என்பதைச் சுங்க முகவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். லங்காவி வரிவிலக்குத் தீவு. படகு அங்கேயே இருந்தால் அந்தச் செலவும் இல்லை. டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே வானம் தெளிந்திருக்கும். தீவுக்குத் தீவு சில மணி நேரப் பயணம்தான்.

வீட்டார் இதுவரை படகில் இரவு தங்கியதில்லை என்றால், முதலில் அதே அளவுள்ள படகை மாலுமியோடு வாடகைக்கு எடுத்து அவர்களை அழைத்துப்போங்கள். கழிப்பறை, நிழல், சமையல், வாந்தி ஆகிய நான்கையும் பற்றி உங்கள் மனைவி சொல்வதைக் கேட்ட பிறகு முன்பணம் கொடுக்கலாம். அந்தப் பணமும், சர்வேயர் அறிக்கை திருப்தி தராவிட்டால் திரும்பக் கிடைக்க வேண்டும். விற்பனைப் பத்திரம், முந்தைய உரிமையாளர்களின் தொடர்ச்சி, படகின்மேல் கடன் இல்லை என்ற சான்று, பழைய நாட்டுப் பதிவை நீக்கிய சான்று ஆகியவை கைக்கு வரும்வரை மீதித் தொகையை அனுப்பாதீர்கள்.