சிம் கார்டு யார் பேர்ல இருக்கணும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பொண்ணுக்கு 16 வயசு, பிளஸ் ஒன் சேர்ந்திருக்கா, நாமக்கல் பக்கம் ஹாஸ்டல். அவ பேர்லயே ஒரு சிம் வாங்கிக் குடுக்கலாம்னு கடைக்குப் போனா, ஆதாரைப் பார்த்துட்டு வயசு பத்தாதுன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் வெளிய வரும்போது அந்தக் கடைப் பையனே, 300 ரூபா குடுங்கக்கா வேற யார் பேர்லயாவது ஆக்டிவேட் பண்ணித் தர்றேன்னு சொல்றான். வாங்கலாமா? பேங்க் அக்கவுண்ட்டே அவ பேர்ல இருக்கு, சிம்முக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: வாங்காதீங்க சகோதரி. முதல்ல இதைச் சொல்லிடறேன், காரணம் அப்புறம்.

நம்ம நாட்டுல 18 வயசு முடியாதவங்க பேர்ல சிம் குடுக்கக் கூடாது, 2021-ல தொலைத்தொடர்புத் துறை விதிகளைத் திருத்தினப்போ இதைத் தெளிவாவே சொல்லிட்டாங்க. ஃபோன் வாங்கறதுக்கு வயசுக் கட்டுப்பாடு கிடையாது, சிம்முக்குத்தான். ஏன்னா சிம் வாங்கறதுங்கறது கடையில சோப்பு வாங்கற மாதிரி இல்ல, உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவுல ஒரு ஒப்பந்தம், ப்ரீபெய்டா இருந்தாலும் அப்படித்தான். 1872-ல வந்த ஒப்பந்தச் சட்டம் மைனருக்கு ஒப்பந்தம் போடற தகுதி இல்லைன்னு சொல்லுது. கல்கத்தாவுல ஒரு மைனர் பையன் வீட்டை அடமானம் வெச்சுக் கடன் வாங்கின கேஸ் லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் (வெள்ளைக்காரன் காலத்துல நம்ம கேஸுக்கெல்லாம் கடைசி அப்பீல் கோர்ட்) போச்சு, 1903-ல அவங்க மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லவே செல்லாதுன்னு தீர்ப்பு குடுத்தாங்க. இன்னிக்கு வரைக்கும் அதுதான் அடிப்படை. பேங்க் கணக்கு வேற கதை, அங்க மைனர் கணக்குல இருக்கற பணத்துக்கு மேல எடுக்க விடமாட்டாங்க, கடன் ஏறாது, அதனால அனுமதி இருக்கு.

இப்ப அந்த 300 ரூபா விஷயத்துக்கு வர்றேன், எனக்கு மனசு பதறுறது இதுக்குத்தான். அந்த "வேற யாரோ" யாருன்னு நினைக்கறீங்க? பெரும்பாலும் ஒரு வயசானவங்களா இருப்பாங்க. தனக்குன்னு ஒரு சிம் வாங்க வந்து கடையில ரேகை வைக்கற மிஷின்ல விரலை வைப்பாங்க, கடைக்காரர் "சரியா விழலம்மா, துடைச்சிட்டு இன்னொரு தடவை வைங்க"ன்னு சொல்லுவாரு, வேலை செஞ்சு தேஞ்ச கை, அவங்களும் முந்தானையில துடைச்சிட்டு வைப்பாங்க. முதல் ரேகைக்கு ஒரு சிம், ரெண்டாவது ரேகைக்கு அவங்களுக்கே தெரியாம இன்னொரு சிம். என் அத்தைக்கு இப்படி நடந்துருக்கு, அவங்க பேர்ல அவங்க பார்த்தே இராத ரெண்டு நம்பர் ஓடிட்டு இருந்துச்சு.

அந்த மாதிரி நம்பர் உங்க பொண்ணு கையில இருந்தா என்ன ஆகும்? பேருக்கு உரியவங்க "இது என் நம்பர் இல்ல"ன்னு ஒரு தடவை புகார் குடுத்தா கட் ஆயிடும். ரெண்டு வருஷத்துல நீட்டுக்கோ ஜேஇஇ-க்கோ அவ இதே நம்பரைத்தான் குடுத்து அப்ளை பண்ணுவா, ஓடிபி வர்ற நேரத்துல நம்பர் செத்துப் போச்சுன்னா கடைப் பையனையா போய்க் கேக்க முடியும்? டூப்ளிகேட் சிம் கூட நீங்க எடுக்க முடியாது, அது யார் பேர்ல இருக்கோ அவங்கதான் எடுக்க முடியும். இதுக்கு மேல 2023 தொலைத்தொடர்புச் சட்டத்துல, ஏமாத்தியோ ஆள் மாறாட்டம் பண்ணியோ சிம் வாங்கினா 3 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 50 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்த்தும் குடுக்கலாம்னு இருக்கு.

நேர்வழி ரொம்ப சுலபம். உங்க பேர்லயோ அவ அப்பா பேர்லயோ வாங்கி அவகிட்ட குடுங்க. ஒருத்தர் பேர்ல 9 சிம் வரைக்கும் வெச்சுக்கலாம் (ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்கள்ல 6). ஆனா அந்த நம்பர்ல என்ன நடந்தாலும் முதல்ல கேள்வி உங்ககிட்டதான் வரும், அதைப் பொண்ணுகிட்ட உக்காந்து பேசிடுங்க, ஹாஸ்டல் ரூம்ல யாராவது "உன் சிம்மை ரெண்டு நாள் குடுடி"ன்னு கேட்டா குடுக்கவே கூடாதுன்னு.

கேள்வி: போன மாசம்தான் எனக்கு 18 முடிஞ்சுது. 4 வருஷமா நான் யூஸ் பண்ற நம்பர் அப்பா பேர்ல இருக்கு, அப்பா சவுதியில இருக்காரு. தானா என் பேருக்கு மாறிடுமா?
– ஒரு மாணவர், ராமநாதபுரம்

பதில்: தானா மாறாது தம்பி. பேர் மாத்தணும்னு விண்ணப்பம் குடுத்து, உங்க ஆதார் வெச்சு புதுசா கேஒய்சி (நீங்க யாருன்னு சரிபார்க்கறது) முடிக்கணும், அப்பாவோட சம்மதமும் வேணும். பெட்டிக்கடை மாதிரி இருக்கற ரீசார்ஜ் கடையில இதெல்லாம் நடக்காது, கம்பெனியோட சொந்த ஷோரூமுக்குப் போங்க. அப்பா லீவுல வரும்போது ரெண்டு பேரும் ஒண்ணாப் போய் முடிச்சிடறது நல்லது, அதுவரைக்கும் ரீசார்ஜ் விட்டுப் போகாம பார்த்துக்கோங்க. அவசரம்னா இப்பவே உங்க பேர்ல ஒரு புது சிம் எடுத்து, பேங்க், ஆதார், காலேஜ்னு முக்கியமான இடத்துல எல்லாம் அந்த நம்பரை மாத்த ஆரம்பிங்க, இனிமே அதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு.

கேள்வி: எனக்கு 67 வயது. என் பேர்ல வேறு யாராவது சிம் வாங்கியிருக்காங்களான்னு எப்படிப் பார்க்கறது?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, 2023-ல அரசு கொண்டு வந்த சஞ்சார் சாத்தி தளத்துக்குப் போங்க, "உங்கள் பேரில் உள்ள இணைப்புகள்"னு ஒரு பகுதி இருக்கு, உங்க நம்பரைப் போட்டா ஓடிபி வரும், அதைப் போட்டதும் உங்க பேர்ல ஓடற நம்பர் எல்லாம் வரிசையா வரும். தெரியாத நம்பர் இருந்தா "இது என் நம்பர் இல்ல"ங்கறதைத் தொட்டு அனுப்பிடுங்க, காசு ஒண்ணும் கிடையாது. ஆன்லைன் பழக்கம் இல்லைன்னா பேரப் பிள்ளைங்களை பக்கத்துல வெச்சுக்கிட்டு நீங்களே பண்ணுங்க, அந்த ஓடிபியை மட்டும் ஃபோன்ல கூப்பிட்டுக் கேக்கற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.