பிரான்சின் கடைசி மன்னர் லூயி பிலிப்: கேள்வி பதில்

கேள்வி: பிரான்சில் மன்னராட்சி 1789 புரட்சியோடு ஒழிந்துவிட்டதாகத்தானே படித்தோம்? இவர் எங்கிருந்து வந்தார்?

பதில்: நெப்போலியன் வீழ்ந்த பிறகு பதினாறாம் லூயியின் தம்பிகள் இருவர் அடுத்தடுத்து ஆண்டார்கள். இளையவரான பத்தாம் சார்லஸ் 1830 ஜூலையில் பத்திரிகைகளின் வாயைக் கட்டப் பார்த்தார். பாரிஸ் மூன்றே நாளில் அவரை வீழ்த்தியது. ஆகஸ்ட் 9 அன்று, அரச குடும்பத்தின் ஆர்லியன்ஸ் கிளையைச் சேர்ந்த லூயி பிலிப் அரியணை ஏறினார்.

கேள்வி: பதினாறாம் லூயியைக் கொல்ல வாக்களித்தவரின் மகனாமே?

பதில்: ஆம். அந்தத் தந்தையின் தலையும் அதே 1793இல் கில்லட்டினில் உருண்டது. மகன் வால்மி, ஜெமாப் போர்களில் புரட்சிப் படைக்காகப் போரிட்டவர். ஆனாலும் புரட்சி அரசுக்கு எதிராகத் திரும்பிய தளபதியோடு சேர்ந்து 19 வயதில் நாட்டை விட்டு ஓட நேர்ந்தது. சுவிட்சர்லாந்தில் ஒரு பள்ளியில் பெயரை மாற்றிக்கொண்டு கணக்கும் புவியியலும் கற்பித்து வயிற்றைக் கழுவினார். சம்பளத்துக்கு உழைத்துச் சாப்பிட்ட மன்னர்கள் ஐரோப்பாவில் அபூர்வம். அதனால்தான் அவருடைய பிற்காலப் பிடிவாதம் என்னை வருத்துகிறது.

கேள்வி: நல்லது எதுவுமே செய்யவில்லையா?

பதில்: செய்தார். ஊருக்கு ஊர் ஆண் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளி வேண்டும் என்ற 1833 சட்டம் அவர் காலத்தது. ஐரோப்பாவில் பெரும்போர் மூளவிடவில்லை. அல்ஜீரியாவில் அவருடைய படைகள் இழைத்த கொடுமையை மட்டும் மன்னிக்கவே முடியாது.

கேள்வி: பிறகு ஏன் கவிழ்ந்தார்?

பதில்: வாக்குரிமைதான் காரணம். ஆண்டுக்கு 200 பிராங்க் நேரடி வரி கட்டியவருக்கே வாக்கு. மூன்றரைக் கோடி மக்களில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர்தான் தேறினார்கள். 1846இல் விளைச்சல் பொய்த்து ரொட்டி விலை ஏறியது. அரசியல் கூட்டத்துக்குக் கட்டுப்பாடு இருந்ததால், எதிர்க்கட்சியினர் விருந்து என்ற பெயரில் ஊர் ஊராகக் கூடிப் பேசினார்கள். 1848 பிப்ரவரியில் பாரிஸ் விருந்துக்குத் தடை விழுந்ததும் தெருவெங்கும் தடுப்பரண்கள் எழுந்தன. 23ஆம் தேதி இரவு படையினர் சுட்டதில் பலர் மாண்டார்கள்; பிணங்களை வண்டியில் ஏற்றி நகரெங்கும் ஊர்வலம் போனார்கள்.

மறுநாள் 74 வயது மன்னர், டூயிலரி அரண்மனையில் தேசியக் காவல்படையைப் பார்வையிடக் குதிரையில் வந்தார். பெரும்பாலும் கடைக்காரர்களும் நடுத்தரக் குடும்பத்தினரும் கொண்ட படை அது. அவருடைய ஆட்சிக்கு முட்டுக்கொடுத்ததே அதுதான். "சீர்திருத்தம் வேண்டும்" என்று அவர்களே முகத்துக்கு நேராக முழங்கினார்கள். உள்ளே திரும்பியவர் ஒன்பது வயதுப் பேரனுக்காக முடிதுறந்து கையெழுத்திட்டார். பேரனையும் ஏற்பார் இல்லை.

கேள்வி: விட்டுக்கொடுத்திருந்தால் தப்பியிருப்பாரா?

பதில்: தப்பியிருப்பார் என்றே நம்புகிறேன். 1847இல் எதிர்க்கட்சி கேட்டது, வரி வரம்பை 100 பிராங்காகக் குறைக்கச் சொல்லித்தான். அமைச்சர் கீஸோ அதைத் தோற்கடித்தார். மன்னரும் அவர் பக்கமே நின்றார். மன்னர் 'ஸ்மித்' என்ற பெயரில் இங்கிலாந்துக்குத் தப்பி ஓடிய சில நாட்களிலேயே, புதிய குடியரசு வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை தந்தது. வாக்காளர் எண்ணிக்கை 90 லட்சத்தைத் தாண்டியது.