காது மிஷின் போடாவிட்டால் மறதி நோய் வருமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. சில வருடங்களாகக் காது மந்தம். "காது மிஷின் போடாவிட்டால் டிமென்ஷியா வந்துவிடும்" என்று கடையில் பயமுறுத்துகிறார்கள். அம்மாவோ, "இந்த வயசுல எனக்கு எதுக்கு?" என்கிறார். வாங்கலாமா டாக்டர்?
– வாசகி, திருச்சி

பதில்: வாங்கலாம். ஆனால் அந்தப் பயத்துக்காக வாங்காதீர்கள்.

காது மந்தம் உள்ளவர்களுக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் கூடுதலாக வருகிறது என்பது உண்மை. 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு சொன்ன, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களில் இதுவும் ஒன்று. அதற்காக மிஷின் போட்டால் மறதி வராது என்று ஆகிவிடாது. அதைச் சோதிக்கத்தான் அமெரிக்காவில் 'அச்சீவ்' என்ற ஆய்வை நடத்தினார்கள். 70 முதல் 84 வயது வரையிலான 977 பேர். குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு மிஷினும் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) பயிற்சியும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஆரோக்கிய ஆலோசனை மட்டும். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், நினைவாற்றல், சிந்தனைத் திறனில் இரு பிரிவுக்கும் மொத்தத்தில் வித்தியாசமே இல்லை.

ஆனால் அந்த 977 பேரில் 238 பேர், பழைய இதயநோய் ஆய்வு ஒன்றில் பல வருடங்களாக இருந்தவர்கள். வயது அதிகம், சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் அதிகம். இவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது, மிஷின் போட்டவர்களிடம் நினைவாற்றல், சிந்தனைத் திறனின் சரிவு 48 சதவீதம் குறைந்திருந்தது. விளம்பரங்களில் நீங்கள் பார்ப்பது இந்த 48 மட்டும்தான். அம்மாவுக்கும் சர்க்கரை, கொதிப்பு இருந்தால் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம், உத்தரவாதம் கிடையாது.

இன்னொரு கூத்தையும் சொல்கிறேன். பிரிட்டனில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவை அலசி, மிஷின் போட்டவர்களுக்கு டிமென்ஷியா குறைவு என்று 2023இல் ஒரு கட்டுரை வந்தது. அந்த வருடக் கடைசியிலேயே அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். கணக்குப் போடும்போது மிஷின் போட்டவர்களும் போடாதவர்களும் இடம் மாறிப்போயிருந்தார்களாம்!

அப்படியானால் எதற்கு வாங்க வேண்டும்? பேரப்பிள்ளை பேசுவது காதில் விழ வேண்டும், கல்யாண வீட்டில் ஒதுங்கி உட்காரக் கூடாது. இந்தக் காரணம் போதாதா?

கடைக்குப் போகும் முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். சில நேரம் அடைத்திருக்கும் அழுக்கை எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பிறகு ஆடியோகிராம் என்ற செவித்திறன் பரிசோதனை; அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே எடுக்கலாம். வாங்குவதற்கு முன் சில நாள் போட்டுப் பார்க்கக் கேளுங்கள். முதல் வாரங்களில் மிக்ஸி, பாத்திரச் சத்தமெல்லாம் தலையில் இடிக்கும். பலர் மிஷினைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவது அப்போதுதான். தினமும் சிறிது நேரம், அமைதியான அறையில் ஆரம்பியுங்கள். ஆடியாலஜிஸ்டிடம் திரும்பத் திரும்பப் போய் சத்தத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். அச்சீவ் ஆய்விலும் வெறும் மிஷினைக் கையில் கொடுத்து அனுப்பிவிடவில்லை.

ஒரு காது மட்டும் திடீரென்று கேட்காமல் போனால் அது வேறு விஷயம். அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.