பஸ் இன்ஜின் பம்பு ஓட்டுமா?

கேள்வி: டெக்சாஸில் பண்ணை வைத்திருக்கிறோம். பாசனப் பம்புக்கு டீசல் இன்ஜின் தேடுகிறேன். பழைய இயந்திரங்கள் விற்கும் இடத்தில் டெட்ராய்ட் டீசல் 6-71 மூன்று இருக்கின்றன. ஒன்று பஸ்ஸிலிருந்து கழற்றியது, ஒன்று படகிலிருந்து, ஒன்று ஜெனரேட்டரிலிருந்து. "மூன்றும் ஒரே இன்ஜின்தான், பஸ் இன்ஜின் மலிவு, அதையே எடுங்கள்" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். 1938-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த டூ-ஸ்ட்ரோக் டீசல் வரிசை இது. ஒரு சிலிண்டருக்கு 71 கன அங்குலம், ஆறு சிலிண்டர், அதனால் 6-71. பிஸ்டன், லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை உறை) போன்ற உள் பாகங்கள் பெரும்பாலும் பொதுதான். இரண்டாம் உலகப் போரில் இதே இன்ஜின்தான் ஹிக்கின்ஸ் தரையிறங்கு படகையும் ஓட்டியது, இரண்டிரண்டாகச் சேர்ந்து ஷெர்மன் டாங்கியையும் ஓட்டியது. ஆனால் வெளியே மாட்டியிருப்பவை வேலைக்கு வேலை மாறும். உங்கள் பணம் கரையப்போவது அங்கேதான்.

முதலில் கவர்னரை, அதாவது இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பைப் பாருங்கள். பஸ், லாரி இன்ஜினில் இருப்பது ஐடிலையும் (சுமையில்லாமல் சும்மா ஓடும் வேகம்) உச்ச வேகத்தையும் மட்டும் கட்டுப்படுத்தும். நடுவில் எல்லாம் டிரைவரின் கால்தான். பம்புக்குக் கால் கிடையாது. சுமை குறைந்தால் வேகம் ஏறும், கூடினால் இறங்கும். உங்களுக்கு வேண்டியது வைத்த வேகத்திலேயே நிற்கும் வேரியபிள் ஸ்பீட் கவர்னர். ஜெனரேட்டர் இன்ஜினில் ஒரே வேகத்தைப் பிடித்து நிற்கும் கவர்னர் இருக்கும். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குப் பொதுவாக 1800 ஆர்பிஎம். உங்கள் பம்பும் அந்த வேகத்துக்கு ஒத்துவந்தால் மூன்றில் அதுதான் என் தேர்வு.

அடுத்தது சுற்றும் திசை. இந்த பிளாக்கை வலம், இடம் இரண்டுக்கும் கோர்க்கலாம். இரட்டை இன்ஜின் படகுகளில் ஒன்று இப்படியும் மற்றது அப்படியும் சுற்றும். பம்பு ஒரு பக்கம்தான் சுற்ற வேண்டும், இல்லையா? தவறான திசை இன்ஜினை வாங்கிவிட்டுப் பிறகு திருப்புவது சின்ன வேலை இல்லை. தவிர, படகு இன்ஜினுக்கு ரேடியேட்டர் இருக்காது, வெளித்தண்ணீரால் குளிரும் ஹீட் எக்ஸ்சேஞ்சர்தான். உல்லாசப் படகிலிருந்து வந்ததென்றால் பெரிய இன்ஜெக்டர் போட்டு அதிக சக்திக்கு முறுக்கியிருக்கவும் கூடும். நாள் முழுக்க ஓட வேண்டிய பம்புக்கு அது வேண்டாம்.

விற்பவர் சொல்வதை விட பிளாக்கில் பொறித்த மாடல் எண் நம்பகமானது. நான்காவது இலக்கம் 2 என்றால் படகு, 3 என்றால் தொழிற்சாலை வகை, 5 ஜெனரேட்டர், 7 வாகனம். ஐந்தாவது இலக்கத்தில் சுழலும் திசை தெரியும். ஆனால் பழைய இன்ஜின்களில் பாகங்கள் இடம் மாறியிருக்கும், அதனால் கண்ணாலும் ஒருமுறை சரிபாருங்கள்.

பிளாக்கின் பக்கவாட்டு மூடிகளைக் கழற்றச் சொல்லுங்கள். லைனரின் காற்றுத் துளைகள் வழியே பிஸ்டனும் ரிங்கும் தெரியும். கழற்ற மறுத்தால் வேறு இடம் பாருங்கள். இன்ஜினுக்குள் காற்றை ஊதும் ப்ளோயரின் வாயில் அவசரமாகக் காற்றை அடைக்கும் தட்டு இருந்தால் அது விழுகிறதா என்றும் பாருங்கள். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் இன்ஜெக்டர் ரேக் இறுகிக்கொண்டால் இந்த இன்ஜின் கட்டுப்பாடில்லாமல் வேகம் எடுத்துவிடும், அப்போது உங்களுக்கு இருக்கும் பிரேக் அந்தத் தட்டுதான்.

அப்புறம், பம்பு கேட்கும் குதிரைத்திறனைப் பார்த்தீர்களா? 3-71, 4-71 போதும் என்றால் ஏன் ஆறு சிலிண்டருக்கு டீசல் ஊற்ற வேண்டும்?

கேள்வி: இதற்கு 15W-40 எண்ணெய் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். சிஎஃப்-2 (டூ-ஸ்ட்ரோக் டீசலுக்கான எண்ணெய்த் தரம்) தரத்தில் ஒற்றைக் கிரேடு 40 ஊற்றுங்கள். கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். ஒழுகாத டெட்ராய்டில் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் என்பார்கள் மெக்கானிக்குகள்.