அந்த மாத்திரை எப்படி மிச்சமானது?

கேள்வி: பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். மூத்தவன் ஓசூரில் கம்பெனி வேலை செய்கிறான். ஒரு வருடமாகத் தன்னைத் திருநங்கை என்கிறான். சென்னை பெரியாஸ்பத்திரியில் ஹார்மோன் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறான், மார்பு வளர ஆரம்பித்துவிட்டது. சின்னவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரத்தில் இது வெளியே தெரிந்தால் யார் வருவார்கள்? என் நாத்தனாருக்கு மார்பில் புற்றுநோய் ஆபரேஷன் ஆன பிறகு கொடுத்த டாமோக்சிஃபென் மாத்திரை ஆறேழு அட்டை மிச்சம் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைத் தடுக்குமாம். சனிக்கிழமை வந்தால் என் கையால் கிண்டிய களியைத்தான் கேட்பான். அதில் பொடித்துக் கலந்தால் பழையபடி ஆகிவிடுவானா? உடம்புக்கு ஒன்றும் ஆகாதே? - ஒரு தாய், தருமபுரி மாவட்டம்.

பதில்: அம்மா, களிக்கு அப்புறம் வருகிறேன். ஆறேழு அட்டை எப்படி மிச்சமானது? அதை முதலில் சொல்லுங்கள்.

அது காய்ச்சல் மாத்திரை மாதிரி சரியானதும் நிறுத்துகிற மருந்து இல்லை. ஈஸ்ட்ரோஜனால் வளர்கிற வகைப் புற்றுநோய் திரும்பி வராமல் இருக்கத் தருவது. பொதுவாகத் தினமும் 5 வருடம் சாப்பிட வேண்டும், சிலருக்கு 10 வருடம். டாக்டரே வேறு மருந்துக்கு மாற்றியிருந்தால் சரி. மாற்றினாரா என்று நாத்தனாரிடம் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். ஆபரேஷன் புண் ஆறி, முடி முளைத்ததும் வீடு மறந்துவிடுகிறது. அந்தப் பெண்ணுக்கோ மாத்திரையால் உடம்பு திகுதிகுவென்று எரியும், ராத்திரியில் வியர்த்துக் கொட்டும். சொன்னால் "வயசானா அப்படித்தான்" என்பார்கள். ஒரு நாள் அவளே நிறுத்திவிடுவாள். இப்படி நிறுத்தியவர்களின் கதை எனக்கு எத்தனையோ கடிதங்களில் வந்திருக்கிறது. பாதியில் விட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும், அம்மா. சாப்பிட வேண்டியவள் சாப்பிடாமல் கிடக்கிற மாத்திரையை, சாப்பிடக்கூடாதவள் தட்டில் போடப் பார்க்கிறீர்கள். ஒரே வீட்டில் இரண்டு பேர் உடம்பு உங்கள் கண்ணுக்குப் படவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில்: ஆகாது. பழையபடி ஆகவே ஆகாது.

உங்கள் மகள், ஆமாம், நான் மகள் என்றுதான் எழுதுவேன், சாப்பிடுவது அநேகமாக ஈஸ்ட்ராடியோல் என்ற ஈஸ்ட்ரோஜனும், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அடக்க ஸ்பைரோனோலாக்டோன் போன்ற ஒன்றும். டாமோக்சிஃபென் ஈஸ்ட்ரோஜனை எல்லா இடத்திலும் தடுப்பதில்லை. மார்பில் தடுக்கும், எலும்பில் அதுவே ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும். வளர்ந்துவிட்ட மார்பு அதனால் பழையபடி ஆகிவிடும் என்று நம்ப முடியாது. ஆனால் ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்தை அது கூட்டும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரைக்கும் அந்த ஆபத்து ஓரளவு உண்டு. அதனால்தான் டாக்டர் அவளை அவ்வப்போது வரச் சொல்லி ரத்தம் எடுத்துப் பார்க்கிறார். நீங்கள் கலப்பது அவருக்கு எப்படித் தெரியும்? நாளைக்குக் கெண்டைக்கால் வீங்கி, மூச்சு முட்டி, ஓசூரில் யாரோ அவளை அவசர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், "என்ன மருந்து சாப்பிட்டீங்க?" என்ற கேள்விக்குச் சரியான பதில் அவளுக்கே தெரியாது. கால் ரத்தக்குழாயில் உறைந்த கட்டி நுரையீரலுக்கு ஏறினால் உயிரையே எடுக்கும்.

மாத்திரை சாப்பிட்டதால் அவள் திருநங்கை ஆகவில்லை. உள்ளே அப்படி இருந்ததால்தான் மாத்திரைக்கே போனாள். அதை மாற்ற மருந்து கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை மனநோய்ப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. மருத்துவத்தால் இவர்களை மாற்ற முயலக்கூடாது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அப்படிச் செய்வது டாக்டரின் தொழில்முறைத் தவறு என்று 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் அறிவித்தது. படித்த டாக்டரே செய்யக்கூடாததை நீங்கள் அடுப்படியில் செய்யக் கிளம்புகிறீர்கள்.

இப்போது களி. கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டி, கையை நனைத்துக்கொண்டு சுடச்சுட உருட்டி, நடுவில் குழித்துக் குழம்பு ஊற்றித் தருவீர்கள். நம்ம பக்கம் களியை யாரும் மென்று பார்ப்பதில்லை, பிட்டுத் தொட்டு அப்படியே முழுங்குகிறோம். அது தெரிந்துதானே இட்லியை விட்டுக் களியைப் பிடித்தீர்கள்? எனக்கு வருகிற கோபம் முழுக்க இங்கேதான். வாரம் பூராவும் கேன்டீன் சோறு தின்றுவிட்டு அம்மா கைக்களிக்காகப் பஸ் ஏறி வருகிற பிள்ளை அது. கோபம் இருந்தால் திட்டுங்கள். ஒரு மாதம் பேசாமல்கூட இருங்கள். சோற்றில் கைவைக்கிற உரிமை பெற்றவளுக்கும் கிடையாது. பெற்றவள் போடும் சாப்பாட்டைச் சந்தேகப்பட்டுச் சாப்பிட வேண்டிய நிலைக்கு ஒரு பிள்ளையைத் தள்ளிவிட்டு, அப்புறம் குடும்ப மானம் என்று பேசாதீர்கள்.

சின்னவள் கல்யாணம்? அக்கா இருக்கிறாள் என்று சொல்லியே மாப்பிள்ளை பாருங்கள். மறைத்துச் செய்தால் அது தெரியவரும் நாளில் மாட்டிக்கொண்டு நிற்பது சின்னவள்தான்.

ஏற்கெனவே கலந்திருந்தால் இன்றைக்கே மகளுக்குப் போன் செய்து எத்தனை நாள், எத்தனை மாத்திரை என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். கத்துவாள், கேட்டுக்கொள்ளுங்கள். அவளுடைய டாக்டருக்கு அது தெரிந்தாக வேண்டும். நாத்தனாரை இந்த வாரமே, மருந்து எழுதிய டாக்டரிடம் நீங்களே கூட்டிப் போங்கள். எரிச்சல் தாங்கவில்லை என்றால் அதற்கும் வழி சொல்வார்கள். அடுத்த தடவை மகள் சென்னைக்குப் போகும்போது கூடவே கிளம்புங்கள். ரத்தக்கட்டு, எலும்பு, இனிமேல் பிள்ளை பிறக்குமா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்க நினைத்த எல்லாவற்றையும் அந்த டாக்டரிடம், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேளுங்கள்.