கெட்டவனோடு நூறு பக்கம்: வாசகர் கேள்வி பதில்

காமிக்ஸ் பற்றிப் போன இதழில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான், கதாநாயகனே கெட்டவனாக இருக்கிற காமிக்ஸைத்தான், சுற்றிச் சுற்றி வந்தன. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: கதாநாயகனே திருடன், கொலைகாரன், யாரையும் மதிக்காதவன். அப்படி ஒரு காமிக்ஸை பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்டில் வாங்கி வந்து முப்பதாவது பக்கத்தில் மூடிவிட்டேன். ஒருத்தரைக்கூடப் பிடிக்காத கதையை எப்படி சார் ரசிக்கிறது? ரூமில் இருக்கும் நண்பன் 'உனக்கு இன்னும் பக்குவம் வரல' என்கிறான். கோளாறு என்னிடம்தானா?
— கல்லூரி மாணவர், மஞ்சக்குப்பம், கடலூர்

மூடியதில் ஒரு தப்பும் இல்லை தம்பி. பக்குவத்துக்கும் இதற்கும் சம்பந்தமும் இல்லை, கெட்டவன் கதை எது வந்தாலும் ஆஹா என்கிறவரிடம் அது தானாக வந்துவிடுவதும் கிடையாது. ஆனால் உங்கள் கேள்விக்குள் இரண்டு விஷயம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. ஒருவனைப் பிடித்துப்போவது வேறு, அவனுக்கு என்ன ஆகிறது என்று கடைசிவரை கூடவே போவது வேறு. இதை எனக்குப் புரியவைத்தது காமிக்ஸ் கிடையாது, என் ஆயா.

ஆயாவுக்கு பாகூர் பக்கம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் கூத்து முடிகிறவரை ஒரு ராத்திரி விடமாட்டாள். துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று பாட ஆரம்பித்ததுமே இவள் முணுமுணுக்கத் தொடங்கிவிடுவாள், துகிலுரியும் ராத்திரியில் முணுமுணுப்பெல்லாம் போய் 'நாசமாப் போறவனே' என்று வாய்விட்டே திட்டுவாள். துரியோதனன் விழுகிற படுகளத்தன்று காலையில் பார்த்தால் கோயில் எதிரில் மண்ணால் செய்த அவ்வளவு பெரிய துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பீமன் தொடையில் அடிப்பான், திரௌபதி கூந்தல் முடிவாள். அந்த மண் உருவத்தின் தலைமாட்டில் ஒப்பாரி வைத்த பெண்களோடு உட்கார்ந்து என் ஆயாவும் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அப்போது எட்டு வயசு, ஒன்றும் விளங்கவில்லை. 'அவன் கெட்டவன்தானே ஆயா, நீ ஏன் அழற?' என்றேன். 'கெட்டவன்தான்டா, யார் இல்லேன்னா? ஆனா இத்தனை ராத்திரியா நம்மகூடவே இருந்தானே' என்றாள்.

அவள் துரியோதனன் பக்கம் சாயவே இல்லை. அவன் செய்தது எதையும் மன்னிக்கவும் இல்லை. கூத்துக்காரர்கள் அவனுக்கு நல்ல பாட்டும் பெரிய கிரீடமும் கொடுத்து முழு ஆளாகக் கண்ணெதிரே நிறுத்தியதால், அவன் சாவையும் முழு ஆளின் சாவாகவே அவள் பார்த்தாள். கெட்ட நாயகன் உள்ள காமிக்ஸிடம் நான் எதிர்பார்ப்பதும் இதே முழுமையைத்தான்.

இத்தாலியில் 1962இல் மிலன் நகரத்து அக்கா தங்கை, ஏஞ்சலா ஜியுஸானியும் லூசியானா ஜியுஸானியும், 'டயபாலிக்' என்று ஒரு தொடர் ஆரம்பித்தார்கள். நாயகன் திருடன், நிஜ முகம் போலவே இருக்கும் முகமூடிகளைப் போட்டுக்கொண்டு வீடு புகுந்து நகைகளை அள்ளுவான், குறுக்கே வந்தவனைக் கத்தியால் முடிப்பான். பிடிக்கும்படியான ஆளா? கிடையவே கிடையாது. ஆனால் பூட்டிய பெட்டகத்தை அவன் எப்படித் திறக்கப்போகிறான், திறந்தபின் எப்படி வெளியே போகப்போகிறான் என்று தெரியாமல் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. வேலையில் கெட்டிக்காரனாக இருக்கிறவனை, அந்த வேலை திருட்டாகவே இருந்தாலும், நம் கண் விட்டு விலகாது. அதைவிட முக்கியமாக, அந்தத் தொடரில் ஜின்கோ என்று ஒரு இன்ஸ்பெக்டர் உண்டு. நேர்மையானவர், புத்திசாலி, எத்தனை முறை தோற்றாலும் மறுபடி துரத்துகிறவர். அவர் ஒருவர் இருப்பதால் டயபாலிக் எவ்வளவு கெட்டவன் என்பது எந்தப் பக்கத்திலும் நமக்கு மறப்பதில்லை. நீங்கள் மூடிய புத்தகத்தில் அப்படி ஒரு ஆள் இருந்தாரா என்று யோசித்துப் பாருங்கள். எல்லாரும் அயோக்கியர்கள், அதில் நம் ஆள்தான் பெரிய அயோக்கியன், அதனால் கைதட்டுங்கள் என்கிற கதை எனக்கும் முப்பது பக்கத்துக்கு மேல் தாங்காது.

இன்னொன்றும் சொல்லணும், இது காமிக்ஸுக்கே உரிய சங்கதி. சினிமாவில் கத்தி ஓங்குவதையும் இறங்குவதையும் அவர்களே காட்டிவிடுவார்கள், நாம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். காமிக்ஸில் ஒரு படக் கட்டத்தில் கத்தி மேலே இருக்கும், அடுத்த கட்டத்தில் வீட்டுக்கு வெளியே அலறல் மட்டும் கேட்கும். நடுவில் இருக்கிற வெள்ளைக் கோட்டில் கத்தியை இறக்கியது யார்? படிக்கிற நாம். அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்காட் மெக்லவுட் என்கிற காமிக்ஸ் ஓவியர், காமிக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று காமிக்ஸாகவே 1993இல் எழுதிய புத்தகத்தில் இதை ரொம்ப அழகாக விளக்கியிருப்பார். நாயகன் நல்லவன் என்றால் அவனுக்காக அந்த வேலையைச் செய்வது நமக்கு உறுத்தாது, கெட்டவன் என்றால் அவன் செய்கிற கொலையில் நமக்கும் ஒரு பங்கு வந்துவிடுகிறது. அதே கதை சினிமாவாக வந்தால் உட்கார்ந்து பார்த்துவிடுகிறவருக்கும் காமிக்ஸில் வயிற்றைப் பிசைவது இதனால்தான் என்று நினைக்கிறேன். உங்களுக்கு அப்படித்தான் இருந்தது என்றால் நீங்கள் நன்றாகவே படித்திருக்கிறீர்கள், நண்பரிடம் தாராளமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: என் பையனுக்கு 13 வயது. ஒரு நோட்டில் பேர் எழுதினால் அந்த ஆள் செத்துப்போகிற ஜப்பான் காமிக்ஸ் ஒன்றைப் படிக்கிறான். 'ஹீரோ கெட்டவன்தான்மா, ஆனா செம பிரெய்ன்' என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. பிடுங்கி வைத்துவிடவா?
— ஒரு அம்மா, வில்லியனூர்

நீங்கள் சொல்வது 'டெத் நோட்', எழுதியவர் சுகுமி ஓபா, வரைந்தவர் தகேஷி ஓபாடா. ஜப்பானில் 2003 முதல் 2006 வரை வார இதழில் தொடராக வந்தது, 12 தொகுதிகள். ஆங்கிலத்தில் வெளியிட்டவர்களே 16 வயதுக்கு மேல் என்றுதான் போட்டிருக்கிறார்கள், அதனால் உங்கள் பயம் வீண் பயம் இல்லை. ஆனால் பிடுங்க வேண்டாம்மா. பிடுங்கினால் ஒளித்துப் படிப்பான், அப்போது பேச ஆள் இல்லாமல் போய்விடும்.

கதையின் ஆரம்பத்தில் லைட் என்கிற அந்தப் பையன் குற்றவாளிகளின் பேரைத்தான் எழுதுகிறான். வகுப்பிலேயே முதல் மாணவன், அப்பா போலீஸ் அதிகாரி. படிக்கிறவருக்கு 'சரிதானே' என்று தோன்றும். அப்புறம் தன்னைத் துரத்துகிறவர்கள் பேரையும் எழுத ஆரம்பிக்கிறான். அந்தத் திருப்பத்தை எழுத்தாளர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்கிறார், வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார். நீங்கள் முதல் இரண்டு தொகுதியை மட்டும் படித்துவிட்டு பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'எந்தப் பக்கம்வரைக்கும் நீ அவன் கட்சியில இருந்த?' அறிவுரை எதுவும் வேண்டாம், அவன் பக்கத்தைப் புரட்டிக் காட்டட்டும். உங்கள் பக்கத்தையும் அவனுக்குக் காட்டுங்கள். இரண்டும் ஒரே பக்கமாக இருக்காது, பாருங்களேன்.

கேள்வி: 1972இல் முத்து காமிக்ஸ் வந்த நாளிலிருந்து இரும்புக்கை மாயாவி ரசிகன் நான். மாயாவி முதலில் வில்லனாக இருந்தவன் என்று பேரன் சொல்கிறான். மனசு கேட்கவில்லை.
— பணி ஓய்வு பெற்றவர், திருப்பாதிரிப்புலியூர்

பேரன் சொல்வது நிஜம் அய்யா. இங்கிலாந்தில் 1962இல் 'வேலியன்ட்' இதழில் தொடங்கியபோது, மின்சாரம் பாய்ந்து உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரிகிற லூயி கிராண்டேல் (மாயாவியின் நிஜப் பேர் அதுதான்) அந்தச் சக்தியைக் குற்றங்களுக்குத்தான் பயன்படுத்தினான். நல்லவர்கள் பக்கம் வந்தது பிறகுதான். நாம் கொண்டாடிய ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் இல்லை, இவன் வேறு) அப்படித்தானே? 1965இல் இங்கிலாந்தில் அவன் அறிமுகமானதே குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாக வேண்டும் என்ற ஆசையோடுதான். பிறகு அந்தத் தொடரைப் பெரும்பகுதி எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். லயன் காமிக்ஸில் ஸ்பைடரைப் படித்த நாம், அவனுடைய ஆணவத்துக்காகவும் ஹெலிகார் என்கிற பறக்கும் வண்டிக்காகவும் வலைத் துப்பாக்கிக்காகவும்தான் அடுத்த இதழுக்குக் காத்துக்கிடந்தோம். நாம் யாரும் அதனால் திருடப் போகவில்லை. மாயாவி மேல் கோபம் வேண்டாம் அய்யா, திருந்தியவன் என்று தெரிந்தபின் எனக்கு அவனை இன்னும் கூடுதலாகவே பிடிக்கிறது.

கேள்வி: இந்த மாதிரிக் கதைகளுக்கு எந்த நாட்டிலும் தடை கிடையாதா?
— ஆசிரியை, முதலியார்பேட்டை

இருந்தது டீச்சர். பிரான்ஸில் 1949 ஜூலை 16இல் சிறுவர் பத்திரிகைகளுக்கு ஒரு சட்டம் போட்டார்கள், நம் பாண்டிச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. கொள்ளை, பொய், திருட்டு, கோழைத்தனம் எதையும் நல்லவிதமாகக் காட்டக் கூடாது, சோம்பேறித்தனத்தைக்கூட. அமெரிக்காவில் 1954இல் செனட் விசாரணை நடந்த கையோடு பதிப்பாளர்களே கூடி ஒரு விதித்தொகுப்பு செய்துகொண்டார்கள்: குற்றவாளி மேல் இரக்கம் வரவே கூடாது, நல்லது எப்போதும் ஜெயிக்கணும். கடைசிப் பதிப்பாளர்களும் அதை விட்டது 2011இல்தான். பிள்ளைகளைக் காப்பாற்ற நினைத்தவர்களின் அக்கறையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த விதிப்படி எங்கள் ஊர்ப் படுகளத்தில் ஆயா அழுதிருக்க முடியாது.

கேள்வி: உங்களால் படிக்கவே முடியாமல் போன காமிக்ஸ்?
— ஒரு வாசகி, நெல்லிக்குப்பம்

உண்டு. ஒரு பழிவாங்கும் கதை, பேர் வேண்டாம். நாயகன் எவ்வளவு முரடன் என்று காட்டுவதற்காக ஒரு ஓட்டலில் பரிமாறுகிற பெண்ணின் கையை உடைக்கிறான். அடுத்த பக்கத்தில் அவன் தெருவில் நடந்துகொண்டிருக்கிறான், அவளை அதற்குப் பிறகு காணோம். திரும்பி வருவாள் என்று கடைசிவரை ஒவ்வொரு கட்டமாகத் தேடிக்கொண்டே போனேன், அதில் கதையையே தவறவிட்டேன். அவளுக்கு ஒரு பேர்கூட வைக்கவில்லை. மறுவாரமே காந்தி வீதியில் வாங்கிய கடையிலேயே புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.