கொடியில் காயும் துணிகளுக்கு நடுவே

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ராப் ஸோம்பி இயக்கிய 'ஹாலோவீன்' (2007) திகில் பட ரீமேக்கை ஒரே வரியில் ஒதுக்கியிருந்தீர்கள். ஜான் கார்பென்டரின் 1978 படத்தில் மைக்கேல் மையர்ஸ் ஏன் கொல்கிறான் என்று கடைசிவரை தெரியாது. ரீமேக்கில் அவன் வீடு, அம்மாவோடு வாழும் குடிகாரன், பள்ளியில் வம்புக்கு வரும் பையன்கள் எல்லாம் வருகின்றன. ஒரு கொலைகாரன் எப்படி உருவாகிறான் என்று காட்டுவதை நாவலில் பாராட்டுகிற நீங்கள், சினிமாவில் மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்? பழைய படத்தின் மேல் உள்ள பாசமா? எனக்கு அது மெதுவாகப் போனது. பயமே வரவில்லை.

ர.

அன்புள்ள ர.,

ஒரே வரியில் எழுதியது தப்புதான். பாசம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். உங்கள் கடிதம் வந்த பிறகு இரண்டு படத்தையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தேன்.

காரணம் சொன்னதால் ரீமேக் கெட்டது என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அந்தப் புகார் இல்லை. 1981இல் வந்த இரண்டாம் பாகத்திலேயே கதாநாயகி லாரி மைக்கேலுடைய தங்கை என்று ஒரு காரணத்தை ஒட்டவைத்துவிட்டார்கள். அதன் திரைக்கதையை எழுதியதில் கார்பென்டருக்கும் பங்கு உண்டு. ரீமேக் அதை முதலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். என் புகார் ஃப்ரேம் பற்றியது, அதாவது திரைக்குள் எதை எங்கே வைத்துக் காட்டுகிறார்கள் என்பது பற்றியது.

பழைய படத்தில் ஒரு பகல் காட்சி. லாரி தன் அறை ஜன்னல் வழியாகக் கீழே பார்க்கிறாள். கொடியில் துணி காய்கிறது. வெள்ளைத் துணிகளுக்கு நடுவே மைக்கேல் நிற்கிறான். கத்தி இல்லை, ஓட்டம் இல்லை, சும்மா நிற்கிறான். மறுபடி பார்த்தால் துணி மட்டும் ஆடுகிறது. படம் அகலத்திரைக்காக எடுக்கப்பட்டது. அந்த அகலத்தில் பாதி இடம் எப்போதும் காலியாகவே கிடக்கும். இந்தக் காட்சிக்கு அப்புறம் நம் கண் அந்தக் காலி இடங்களை விடாது. வேலி ஓரம், நிறுத்திய கார், பாதி திறந்த கதவு என்று ஒவ்வொன்றிலும் அவனைத் தேடுவோம். பெரும்பாலும் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

ஆனால் ஒரு முறை இருப்பான். பிணங்களைப் பார்த்துவிட்டு லாரி சுவரில் சாய்ந்து அழுகிறாள். பக்கத்தில் இருட்டான வாசல். அந்த இருட்டுக்குள் வெள்ளை முகமூடி கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பிக்கிறது. அவன் நடந்து வரவில்லை. முன்பே அங்கேதான் நின்றிருக்கிறான். ஒளிப்பதிவாளர் டீன் கண்டி ஒரு சின்ன விளக்கை மெல்ல மெல்லக் கூட்டியிருக்கிறார். மொத்தத் தந்திரமும் அதுதான்.

ரீமேக்கில் இதற்கு இடமே இல்லை. கேமரா கையிலேயே இருக்கிறது, ஆடிக்கொண்டே இருக்கிறது, முகத்துக்குக் கிட்டே போய்விடுகிறது. வளர்ந்த மைக்கேலாக வரும் டைலர் மேன் இரண்டு மீட்டருக்கு மேல் உயரம். சுவரை உடைத்துக்கொண்டு வரக்கூடிய ஆள். அப்படி ஒருவரை நடிக்க வைத்துவிட்டு இருட்டில் ஒளித்து வைத்தால் காசு வீண் என்று தோன்றியிருக்கும் போல. அடி விழும்போது எனக்கும் உடம்பு பதறியது, மறுக்கவில்லை. ஆனால் அடுத்த காட்சியில் நான் எதையும் தேடவில்லை. தேடாதவனுக்கு எங்கிருந்து பயம் வரும்?

முகமூடியிலும் இதே கதைதான். முதல் படத்துக்குப் பணம் கிடையாது, மொத்தச் செலவே 3 லட்சம் டாலரை ஒட்டித்தான். 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னரின் முகமூடி ஒன்றைக் கடையில் வாங்கி, வெள்ளையடித்து, கண் துளைகளைப் பெரிதாக்கினார்கள். அந்த முகம் எதையுமே சொல்லாது. ரீமேக்கில் பையன் மனநல மருத்துவமனையில் காகிதக்கூழால் முகமூடிகளாகச் செய்து அறைச் சுவர் முழுக்க மாட்டிவைக்கிறான். ஒவ்வொன்றும் ஏதோ சொல்கிறது.

மெதுவாகப் போகிறது, பயம் வரவில்லை என்கிறீர்கள். ஒரு கேள்வி: என்ன சத்தத்தில் பார்த்தீர்கள்? இசை சேர்க்காமல் ஒரு ஸ்டுடியோ அதிகாரிக்குப் படத்தைப் போட்டுக் காட்டினாராம் கார்பென்டர். அவருக்குத் துளியும் பயம் வரவில்லை. அப்புறம் கார்பென்டரே உட்கார்ந்து இசையமைத்தார். சிறு வயதில் அப்பா போங்கோ மேளத்தில் சொல்லிக்கொடுத்த ஐந்து எண்ணிக்கைத் தாளம் அது. 'தகிட தகிட தகதிமி' என்று, ஒரு எண்ணிக்கைக்கு இரண்டு எழுத்தாக, வேகமாகச் சொல்லிப் பாருங்கள், அந்தப் பியானோவே வந்துவிடும். முழு அடி எடுத்துவைப்பதற்குள் அடுத்தது துரத்துகிற மாதிரி ஒரு கணக்கு. போனில் சத்தத்தைக் குறைத்துப் பார்த்திருந்தால் நீங்களும் அந்த அதிகாரியும் பார்த்தது ஒரே படத்தைத்தான்.

சரி, உங்கள் பக்கத்துக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ரீமேக்கின் முதல் பாதிதான் நல்ல பாதி. இரண்டாம் பாதியில் பழைய கதையை அவசர அவசரமாக ஒப்பித்து முடிக்கிறார் ஸோம்பி, அங்கேதான் அது ரீமேக் ஆகிறது. முதல் பாதியில் ஹாலோவீன் இரவு ஒன்று வரும். அம்மா இரவு வேலைக்குப் போயிருக்கிறாள், மேடையில் ஆடுகிறாள். வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கிற இரவு அது, அக்கா கூட்டிப்போக மறுத்துவிட்டாள். வேஷம் போட்ட பையன் வீட்டுக்கு வெளியே தனியாக உட்கார்ந்திருக்கிறான். அங்கே மட்டும் யாரும் கத்தவில்லை, கேமராவும் பொறுமையாக இருக்கிறது. அவனைச் சுற்றி இடம் காலியாகக் கிடந்தது. நானும் அந்தக் காலி இடத்தில் யாராவது வருகிறார்களா என்று தேடினேன். யாரும் வரவில்லை.